ஆறு வருடப் பராமரிப்பு

அடுத்தவர் வீட்டு டெக்கைப் பற்றி நான் பொதுவாக அபிப்பிராயம் சொல்வதில்லை. முப்பத்தோரு வருடம் இந்தக் கவுண்டி நிர்வாகத்தில் கட்டட ஆய்வாளராக இருந்து, சம்பளத்துக்கு அபிப்பிராயம் சொன்னது போதும் என்று ஓய்வு பெற்ற அன்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் நாலு மரத்தூணை நட்டு, மேலே பலகை அடித்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொசுவுக்கு ரத்தம் கொடுப்பது ஒரு மனிதனின் சொந்த விஷயம். அந்தப் பலகை அவனைத் தாங்குமா என்பதும் சொந்த விஷயம்தான்.

ஆனால் நீங்கள் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டீர்கள், அதில் சிவப்பு விளக்கும் எரிகிறது. ஆகவே முறையாகவே சொல்கிறேன். என் பெயர் ஆர்டிஸ் டோர்விக். வயது எழுபத்தொன்று. மணமாகாதவள். இறந்துபோன ராய்ஸ், என் தங்கை லவோனின் இரண்டாவது கணவர்.

பக்கத்தில் இருக்கும் அந்த ஏரிக்கரை வீடு எங்கள் அப்பா கட்டியது. அது லவோனுக்கு, இந்த மனை எனக்கு என்று அவர் பிரித்துக் கொடுத்தார். லவோனின் முதல் கணவர் ஆரின், இருபது வருடம் என் பக்கத்து வீட்டில் வாழ்ந்து, என்னிடம் மொத்தம் நாற்பது வாக்கியம் பேசியிருப்பார். அருமையான மனிதர். அவர் இறந்தபிறகு நாலு வருடம் நானும் என் தங்கையும் தினமும் மாலை நாலு மணிக்கு ஒன்றாகக் காபி குடித்தோம். ஒரு நாள் என் வீட்டில், ஒரு நாள் அவள் வீட்டில். அந்த நாலு வருடத்தைப் பற்றி நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரே ஒரு குளிர்காலம் அரிசோனாவுக்குப் போய்வருகிறேன் என்றாள். எல்லோரும் அங்கிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவருவார்கள். அவள் ராய்ஸைக் கொண்டுவந்தாள்.

ராய்ஸ் தெற்கே ஜார்ஜியா மாநிலத்துக்காரர். காரிலிருந்து இறங்கியதும் என்னைக் கட்டிப்பிடித்தார். இந்த ஊரில் ஒருவரைக் கட்டிப்பிடிக்க வேண்டுமானால் முதலில் அவர் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். "ஆர்டிஸ் கண்ணு, உன்னப் பத்தி லவோன் நெறைய சொல்லியிருக்கா" என்றார். அறுபத்தைந்து வயதில் என்னைக் கண்ணு என்று கூப்பிட்ட முதல் ஆள். என் அப்பாகூட அந்தத் தவறைச் செய்ததில்லை.

வந்த முதல் கோடையிலேயே அவர் டெக் கட்ட ஆரம்பித்தார். அப்பா போட்ட மூன்று கல்படிகளைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, சரிவின்மேல் ஏரியை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி, தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில். அனுமதிப் பத்திரம் என்ற ஒன்று இருப்பதை நான் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவள், எனக்கு எதற்கு. ஆறு நாளில் முடித்தார். கடவுள் உலகத்தையே ஆறு நாளில் படைத்தார் என்று ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் அதை யார் ஆய்வு செய்தார்கள் என்று சொல்லவில்லை.

தூண்களுக்கு அவர் இரண்டடி தோண்டினார். அவர் ஊரில் மண் உறையாது, அதுவே தாராளம். இங்கே குளிர்காலத்தில் ஐந்தடி ஆழம் வரை மண் உறைந்து வீங்கும். அந்த ஆழம்வரை இறங்காத எந்தத் தூணையும் அது மெல்ல மேலே தள்ளும், வசந்தத்தில் கீழே விடும், அடுத்த வருடம் மறுபடி தள்ளும். அப்படித் தள்ளித் தள்ளி விடும்போது, டெக்கை வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கும் நீளப் பலகை ஒன்று இருக்கிறதே, அது சுவரைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். அதைச் சுவரின் உள்சட்டம் வரை போகும் போல்ட் போட்டு முடுக்க வேண்டும், மேலே மழைநீர் இறங்காமல் தகரம் மடித்து வைக்க வேண்டும். ராய்ஸ் ஆணி அடித்தார். தகரம் வைக்கவில்லை. ஆணிகளை வெகு நேராக அடித்திருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எப்பிடி இருக்கு கண்ணு?"

"வித்தியாசமா இருக்கு" என்றேன்.

நீங்களும் வடக்கு மினசோட்டாக்காரர்தான், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கருவிக்காகச் சொல்கிறேன். இங்கே ஒரு வீட்டுச் சமையலை வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால், அடுத்த மூன்று தலைமுறைக்கு அந்த வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். மருமகளை வித்தியாசமான பெண் என்று சொன்னால் கல்யாணம் ஏறக்குறைய முறிந்த மாதிரி. மனசாட்சி உள்ள ஒரு பெண்மணி வாயால் சொல்லக்கூடிய மிகக் கடுமையான வார்த்தை அது. அதை நான் ராய்ஸின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டி, "டாங்க்ஸ் கண்ணு" என்றார். அடுத்த ஞாயிறு சர்ச்சில் பத்துப் பேரிடம், "கவுண்டி இன்ஸ்பெக்டரே பாத்துட்டு வித்தியாசமா இருக்குன்னுட்டாங்க" என்று பெருமையடித்துக்கொண்டார். பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் யாரையும் நீங்கள் விசாரித்த மாதிரி தெரியவில்லை.

அதன்பிறகு ஆறு வருடம் அந்த டெக்கைப் பராமரித்தது நான்தான். அவர்கள் இருவரும் அக்டோபரில் ஜார்ஜியா போய் ஏப்ரல் கடைசியில்தான் திரும்புவார்கள், வீட்டுச் சாவி என்னிடம் இருக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் திருப்புளியை எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்துப் பார்ப்பேன். பழக்கதோஷம். முதல் வருடம் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி. மூன்றாம் வருடம் பென்சில் நுழைந்தது. இந்த வருடம் என் கட்டைவிரல். மரம் உளுத்துவிட்டதா என்று பார்க்கத் திருப்புளி முனையை வைத்து அழுத்த வேண்டும். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். இந்த ஏப்ரலில் அது கேக்கில் கத்தி இறங்குவதுபோல் கைப்பிடிவரை இறங்கியது.

குத்திய துளையை அப்படியே விட்டுவிட்டு வருவது நாகரிகம் இல்லை. பட்டி பார்த்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே சிவப்பு தேவதாரு நிறத்தில் சாயம் பூசினேன். இடைவெளி பார்க்க அசிங்கமாக இருந்ததால் முன்னால் ஒரு மெல்லிய அலங்காரப் பலகை வைத்து மறைத்தேன். ஊரிலிருந்து வந்த ராய்ஸ், "பளபளன்னு ஆக்கிட்டியே கண்ணு, நீ இல்லாட்டி இந்த டெக் என்னாவறது" என்றார். அது சரியான கேள்வி.

பூத்தொட்டிகளைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். ஆமாம், நான் வாங்கிக் கொடுத்தவைதான். லவோனின் அறுபதாவது பிறந்தநாளுக்கு. சுவரை ஒட்டி, அந்த நீளப் பலகைக்கு நேர் மேலே, மூன்று நீளத் தொட்டிகள். அடியில் துளையுள்ளவை. அவற்றில் காசித்தும்பை வைத்தேன். காசித்தும்பைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், எந்த நாற்றங்காலில் வேண்டுமானாலும் விசாரியுங்கள். கோடை முழுக்கக் காலையும் மாலையும் குழாய் போட்டு ஊற்றினேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தடைசெய்யும் விதி எதுவும் கட்டடச் சட்டத்தில் இல்லை. அந்தப் புத்தகத்தை எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடமாகத் தெரியும்.

என்ன எண்ணத்தில் செய்தேன் என்று உங்கள் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது போல. எந்த எண்ணமும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மரம் தன் இயல்புப்படி நடந்துகொள்வதற்கு நான் இடைஞ்சல் செய்யவில்லை.

இந்த மே மாதம் ஒரு மாலை, காபி நேரத்தில் ராய்ஸும் வந்து உட்கார்ந்தார். அவர் காபி குடிப்பதில்லை. ஐஸ் போட்ட தேநீர்தான், அதில் ஸ்பூன் நிற்குமளவுக்குச் சர்க்கரை.

"ஆர்டிஸ் கண்ணு, ஒரு நல்ல சேதி. இந்த வீட்ட வித்துடலாம்னு இருக்கோம். ஜார்ஜியாவுல எம்பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துலயே எடம் பாத்தாச்சு. ஆகஸ்டுல கெளம்பறோம்."

நான் லவோனைப் பார்த்தேன். அவள் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். என் தங்கை காபியில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, கலக்க அதில் ஒன்றுமில்லை.

"அங்க பிப்ரவரியிலயே பூப்பூத்துடுதாம்க்கா" என்றாள்.

"அப்பிடியா" என்றேன்.

"நீயும் வந்து ஒரு மாசம் தங்கணும்."

"பாக்கலாம்" என்றேன். பாக்கலாம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே ராய்ஸைப் பார்த்தாள். பாவம், அவள் போக விரும்பவில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை விடைபெறும் விருந்து. பாஸ்டர், பாஸ்டரின் மனைவி, சர்ச் ஆட்கள் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு பேர். எல்லோருக்கும் டெக்மேல் சாப்பாடு. புகைபோட்டு இறைச்சி வாட்ட ராய்ஸ் ஓர் இரும்பு அடுப்பு வைத்திருந்தார், ஒரு கன்றுக்குட்டி எடை, அது ஏரிப்பக்கக் கைப்பிடியை ஒட்டி நிற்கும். விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் அவர் என்னிடம் வந்தார்.

"இத்தன பேரு ஏறுவாங்க. ஒரு தடவ அடியில பூந்து பாத்துடேன் கண்ணு. உன்னவிட்டா யாருக்குத் தெரியும்?"

புகுந்து பார்த்தேன். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அவசரப்பட்டு ஆய்வு செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன, பாஸா ஃபெயிலா? தாங்குமில்ல?"

"பரவால்ல, தாங்கும்."

"நெஜமாவா? எங்கிட்ட மறைக்காத."

"இருக்கற நெலமைக்கு ஒண்ணும் மோசமில்ல."

"அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இங்கேதான் அவர் தவறு செய்தார். இந்த ஊரில் எதையும் மூன்று முறை கேட்க வேண்டும். விருந்தாளியிடம் காபி வேண்டுமா என்றால் முதல் தடவை வேண்டாம் என்பார், அது மரியாதை. இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார், அது அடக்கம். மூன்றாம் தடவை சொல்வதுதான் பதில். உடம்பு எப்படி, மகன் எப்படி, கேன்சர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போகிறவருக்கு உண்மையில் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று அர்த்தம். ராய்ஸுக்கு விருப்பமில்லை. ஆறு வருடம் இங்கே இருந்தும் இந்தச் சின்ன விஷயத்தைக் கற்றுக்கொள்ளாதவருக்கு நான் என்ன செய்ய முடியும். நீங்கள் இன்று காலை வந்ததும், டெக் மோசமாக இருந்தது முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள், தெரியாது என்றேன். மறுபடி கேட்டீர்கள், சரியாக நினைவில்லை என்றேன். அப்புறம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மூன்றாம் முறை கேட்டீர்கள். நல்ல வளர்ப்பு. அதனால்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது.

விருந்துக்கு முந்தின நாள் லவோனும் நானும் அவள் அடுக்களையில் பன்களுக்குள் ஹாம் இறைச்சி வைத்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக டெக் தெரிந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ராய்ஸ் உங்கிட்ட ரெண்டு தடவ கேட்டாராம்ல."

"ஆமா."

"அவருக்கு நம்ம ஊர் பேச்சு புரியாது." ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "பாஸ்டரம்மாவுக்கு இப்பத்தான் இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு. குழந்தைங்களும் வர்றாங்க. நான் கேக்கறேன்க்கா. அது தாங்குமா?"

அது மூன்றாவது தடவை. அவள் இந்த ஏரிக்கரையில் பிறந்தவள்; என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டாள்.

"தாங்கும்டி" என்றேன்.

அவள் மூச்சை விட்டாள், கத்தியை எடுத்தாள், அடுத்த பன்னை அறுத்தாள். நீங்கள் அடிக்கோடு போட வேண்டிய இடம் இதுதான்.

யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் போட்ட கணக்கு மிகச் சின்னது. ஓர் ஓரம் தொய்யும், எல்லோரும் கத்திக்கொண்டு இறங்குவார்கள், செய்தி பரவி வீட்டை வாங்க இருந்தவர்கள் பின்வாங்குவார்கள். மிஞ்சிப்போனால் யாருக்காவது கணுக்கால் முறியும். ராய்ஸுடையதாக இருந்தாலும் சரி, லவோனுடையதாக இருந்தாலும் சரி, எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. முறிந்த கணுக்காலோடு யாரும் ஆகஸ்டில் ஜார்ஜியாவுக்குக் காரோட்டிப் போக மாட்டார்கள். ஆணி அடித்த டெக் தொய்யாது, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரேயடியாக விழும் என்று புதிதாகச் சேரும் ஆய்வாளர்களுக்கு வருடா வருடம் வகுப்பு எடுத்தவளும் நான்தான். அந்த வாரம் அது நினைவுக்கு வரவில்லை. வயதாகிறது.

சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் ஏரியைப் பார்த்து நின்று ஜெபப் பாட்டுப் பாடலாம் என்றார் பாஸ்டர். ஆட்கள் கைப்பிடிப் பக்கம் நகர்ந்தார்கள். நான் அடுக்களையில் இருந்தேன். ஓவனில் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்த ஹாட்டிஷ் வேக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நாப்கின் எடுத்துப்போக லவோன் உள்ளே வந்தாள்.

"அக்கா, நீயும் வா. பாட ஆரம்பிக்கப் போறாங்க."

"நீ போ. நான் இதப் பாத்துட்டு வர்றேன்."

"கடைசியா ஒரு தடவ சேந்து பாடலாம்க்கா."

"போடி, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

கதவு நிலையில் அவள் ஒரு கணம் நின்றாள். அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சாலட் கிண்ணத்தைக் கொடுத்துக் கிளறச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் மற்ற எல்லோரும் வெளியே நிற்கும்போது விருந்து கொடுப்பவளை மட்டும் உள்ளே நிறுத்திவைத்தால், பிற்பாடு பார்க்க நன்றாக இருக்காது.

பாட்டின் இரண்டாவது வரியில் அந்தச் சத்தம் கேட்டது. ஆணிகள் மரத்தைவிட்டு உருவிக்கொண்டு வரும் சத்தம், துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல் இருக்கும். ஜன்னலில் வரிசையாக முதுகுகள் தெரிந்துகொண்டிருந்தன. பிறகு ஏரி தெரிந்தது.

நான் ஹாட்டிஷை வெளியே எடுத்துவைத்து, ஓவனை நிறுத்திவிட்டுத்தான் போனேன். அடுப்பை எரியவிட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போவது ஆபத்து. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தவளும் நான்தான். வழியை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று மறுமுனையில் இருந்த பெண் பாராட்டினாள். ராய்ஸ் அவருடைய இரும்பு அடுப்புக்கு அடியில் இருந்தார். பாஸ்டரின் மனைவிக்கு இந்தத் தடவை இன்னொரு இடுப்பு. மற்றவர்களுக்குக் கை, கால், விலா. குழந்தைகள் படகுத்துறையில் தவளை பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை, அந்தப் பெருமையை எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

லவோனுக்கு முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்றார் டாக்டர். பேசுவதற்கு ஒரு தடையும் இல்லை என்றும் சொன்னார், ஆனாலும் மருத்துவமனையிலிருந்து வந்த ஏழு வாரமாக அவள் என்னிடம் பேசுவதில்லை. நாங்கள் எப்போதுமே அதிகம் பேசுகிற குடும்பம் இல்லை. என் வீட்டில், ஏரி தெரிகிற அறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். மாலை நாலு மணிக்குக் காபி கொண்டுபோய் வைக்கிறேன். ஆறிப்போனபின் எடுத்து வருகிறேன். ராய்ஸின் மகள் வாரம் இருமுறை ஜார்ஜியாவிலிருந்து போன் செய்து, லவோனைத் தன்னோடு அழைத்துப் போகிறேன் என்கிறாள். நல்ல பெண். தூங்குகிறாள் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

சக்கர நாற்காலிக்காகச் சாய்வுப்பாதை ஒன்று கட்டுகிறோம். அடிக்கு ஓர் அங்குலம் சரிவு, ஐந்தடி அஸ்திவாரம், எல்லாம் போல்ட், தகரம்கூட மடித்து வைக்கப் போகிறோம். முறையாக அனுமதி வாங்கியிருக்கிறேன். தச்சர் ஹார்லன்தான் நேற்று கேட்டார்: "ஏரிப்பக்கம் மட்டும் போதுமா ஆர்டிஸ்? ரோட்டுப்பக்கம் ஒண்ணு போட்டா, லவோன் வண்டியில ஏறி எங்கயாச்சும் போக வசதியா இருக்குமே."

"அவளுக்கு ஏரிதாம்ப்பா புடிக்கும்" என்றேன்.

உண்மையைச் சொன்னால், ஏரிப்பக்கம் அவள் திரும்புவதே இல்லை. தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய், நாளெல்லாம் ரோட்டுப்பக்க ஜன்னலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வேடிக்கை பார்க்கட்டும். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். வியாழக்கிழமை கான்கிரீட் ஊற்ற ஆள் வருகிறார், அதற்குமுன் என்னை எங்கும் கூப்பிட வேண்டாம், நான் இல்லாவிட்டால் அவளுக்குக் கஷ்டம். நீங்கள் கிளம்பும்போது ஜன்னலைத் தாண்டித்தான் போவீர்கள், அவள் உங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டுவாள், கண்ணாடியைக்கூடத் தட்டுவாள். தபால்காரருக்கும் அப்படித்தான், போகிற வருகிற எல்லா வண்டிக்கும் அப்படித்தான். நிறுத்த வேண்டாம், எங்கள் வீட்டுப் பெண்கள் யாரையும் வழியனுப்பாமல் விடுவதில்லை.